இரண்டரை இலட்சத்துக்குள் பழைய பாணி எலக்ட்ரிக் கிற்றார்: டெலியா, ஸ்ட்ராட்டா, லெஸ் போலா?

கல்லடி_அகூஸ்டிக் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு காலமும் அகூஸ்டிக்தான் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவோடு, அப்புறம் கல்யாண வீடுகளில் நண்பர்களோடு சேர்ந்து பைலாவும் பழைய சினிமாப் பாட்டும். இப்போது ஒரு எலக்ட்ரிக் வாங்கத் தீர்மானித்துவிட்டேன். கையில் இருப்பது இரண்டரை இலட்சம். ஆம்ப், வயர், பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எனக்கு மனம் போவது பழைய பாணிக் கிற்றார்களில்தான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த மாதிரிகளை இப்போது திரும்பச் செய்து விற்கிறார்களே, அவை. தேடித் தேடி மூன்றில் வந்து நிற்கிறேன்: ஃபெண்டரின் மலிவுப் பெயரான ஸ்குவையரில் கிளாசிக் வைப் 50ஸ் டெலிகாஸ்டர் (டெலி), அதே வரிசையில் 60ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்), கிப்சனின் மலிவுப் பெயரான எபிஃபோனில் லெஸ் போல் ஸ்டாண்டர்ட் 50ஸ். கொழும்பில் ஒரு கடையில் மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன், ஆனால் பின்னால் ஆட்கள் காத்து நிற்கும்போது நிதானமாக வாசித்துப் பார்க்க முடியவில்லை.

பழைய பாணி என்பதில் எவ்வளவு உண்மையில் சத்தத்தில் இருக்கிறது, எவ்வளவு வர்ணத்தில் மட்டும் இருக்கிறது? தந்தியின் அசைவைப் பிடிக்கிற பிக்கப்பில் ஒரே சுருள் உள்ள சிங்கிள் கொயில் வகை இரையும் என்கிறார்கள், நாங்கள் வாசிக்கிற மேடைகளில் பாதி ஜெனரேட்டர் கரண்ட். வீடு கடற்கரைக்குக் கிட்ட, பூட்டும் சைக்கிள் செயினும் வருடத்துக்குள் துருப்பிடிக்கும் இடம். இங்கே கிற்றார் திருத்துகிறவர்களும் குறைவு, ஒன்று பழுதானால் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெரியம்மாவின் மகன் மார்கழியில் டொரொன்டோவிலிருந்து வருகிறார், அவரிடம் சொல்லி எடுப்பதா, இங்கேயே வாங்குவதா என்பதும் தெரியவில்லை. அவர் அங்கே ஒருவர் பாவித்த ஃபெண்டர் விண்டேரா (ஃபெண்டர் பெயரிலேயே வருகிற, விலை கூடிய பழைய பாணி வரிசை) ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறார். கடன் பட்டாவது அதற்குப் போகலாமா?

பெரிய செலவு எனக்கு. வாசிக்கிறவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.


புளியந்தீவுப்_பட்டறை:

தம்பி, என் பதில் டெலி. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

1965இல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் வாங்கியது. அதற்குப் பிறகு வந்த கிற்றார்களில் வேலைத்தரம் இறங்கிவிட்டது என்று வாசிக்கிறவர்கள் எழுபதுகளில் பழையதைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள், விலையும் ஏறியது. கடைசியில் 1982இல் ஃபெண்டரே தன்னுடைய 1952 டெலியையும் 1957, 1962 ஸ்ட்ராட்களையும் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. ஜப்பானில் அந்த வேலை தொடங்கியதும், ஸ்குவையர் என்ற பெயர் கிற்றாரில் ஏறியதும் அதே ஆண்டுதான். நீங்கள் பார்க்கிற கிளாசிக் வைப் வரிசை 2008இல் வந்தது, முதலில் சீனாவில் செய்தார்கள், 2019இல் இந்தோனேசியாவுக்கு மாறியது.

பழைய கிற்றாரில் இரண்டு வகைக் குணம் உண்டு. ஒன்று, சத்தத்தையும் கைப்பிடியையும் தருவது: அல்நிகோ காந்தம் வைத்த பிக்கப், கழுத்தின் வடிவம், உடம்பில் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜின் அமைப்பு. மற்றது, அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்கு அப்படித்தான் வசதிப்பட்டது என்பதால் வந்தது. உதாரணத்துக்கு விரல் பலகையின் வளைவு. பழைய ஃபெண்டரில் அதன் ஆரம் 7.25 அங்குலம், எண் குறையக் குறைய வளைவு கூடும். கோட் பிடிக்க நல்ல சுகம், ஆனால் தந்தியைத் தாழ வைத்துவிட்டு மேல் ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) இழுத்து வளைத்தால் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் தட்டி சத்தம் செத்துவிடும். கழுத்துக்குள் ஓடி அதை நேராக வைத்திருக்கிற கம்பியான ட்ரஸ் ரொட்டைத் திருப்புகிற இடம் பழைய முறையில் கழுத்தின் அடியில் இருக்கும், அதற்காகக் கழுத்தையே தளர்த்த வேண்டும். கிளாசிக் வைப் முதல் வகையை எடுத்துக்கொண்டு இரண்டாவதைப் பேசாமல் விட்டுவிட்டது. வளைவு 9.5, ட்ரஸ் ரொட் தலைப்பக்கம், ஒரு அலன் கீ போதும். விண்டேராவில் பெரும்பாலானவை 7.25ஐ அப்படியே வைத்திருக்கின்றன, அதனால் கூடிய காசுக்கு உங்களுக்குக் கிடைப்பதில் ஒரு பகுதி அந்தக் காலத்துச் சிரமமும்தான்.

எங்கள் ஊரில் இந்த ட்ரஸ் ரொட் சின்ன விஷயமில்லை. மாரியில் மரம் ஈரம் குடிக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதே மரம் காயும், இரண்டு தடவையும் கழுத்து அசையும். திருத்துகிறவர் இல்லாத இடத்தில் நீங்களே தொடக்கூடிய கிற்றார்தான் உங்களுக்கு வேண்டும். பார்ப்பதும் கஷ்டமில்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போட்டு, ஆறாம் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, எட்டாம் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வால்வ் இடைவெளி பார்க்க விற்கிற அதே ஃபீலர் கேஜ்தான். 9.5 வளைவுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு கால் மில்லிமீட்டர். 17ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் 1.6 மில்லிமீட்டர். அதில் தொடங்கி உங்கள் கைக்குத் தோதாக ஏற்றி இறக்கலாம். ட்ரஸ் ரொட் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள், திருப்பிவிட்டு ஒரு இரவு விடுங்கள்.

இனி டெலி ஏன். அதன் பிரிட்ஜ் அசையாது, தந்திகள் உடம்புக்குள்ளால் போய்ப் பின்பக்கம் பிடித்திருக்கும். கல்யாண வீட்டில் பாட்டின் நடுவே ஒரு தந்தி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும். ஸ்பிரிங்கில் மிதக்கிற பிரிட்ஜ் உள்ள ஸ்ட்ராட்டில் ஒன்று அறுந்தால் ஸ்பிரிங் இழுத்து எல்லாமே போய்விடும். டெலியில் இரண்டு பிக்கப், ஒரு வொல்யூம், ஒரு டோன், ஒரு சுவிச், உள்ளே பிரித்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற வயரிங். பைலாவுக்கு வலது கை வெட்டி வெட்டிப் போகும்போது பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள பிரிட்ஜ் பிக்கப் ட்ரம்ஸுக்கு மேலால் தெளிவாகக் கேட்கும், அதற்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. குறை என்றால், பழைய முறையில் ஆறு தந்திக்கு மூன்றே சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காருகிற துண்டு), அதனால் இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்களில் சுருதி, மயிரிழை பிசகும். நடுவில் ஒரு சமரசம் பிடித்து வைத்தால் மேடையில் யாருக்கும் கேட்காது.

வர்ணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய கிற்றார்களில் பூசியது நைட்ரோ லாக்கர், மெல்லியது, வெடிக்கும், சில ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் ஸ்டாண்டோடு ஒட்டிக் கரையும். கிளாசிக் வைப்பில் இருப்பது பொலியூரித்தேன். வியர்வையும் உப்புக் காற்றும் உள்ள ஊருக்கு அதுதான் நல்லது, அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.


கல்முனை_ஹம்பக்கர்:

பட்டறை அண்ணா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதிக்கு என் எதிர்ப்பு இருக்கிறது, ஏனென்றால் தம்பி வாசிக்கப் போகிற இடத்தை அண்ணா கணக்கில் எடுக்கவில்லை.

கோயில் திருவிழா மேடையையும் கல்யாணப் பந்தலையும் நினைத்துப் பாருங்கள். பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் டிமர் போட்ட லைட், கால்களுக்கு இடையில் சுருள் சுருளாக வயர். அங்கே சிங்கிள் கொயில் பிக்கப்பைக் கொஞ்சம் டிஸ்டோர்ஷனோடு திறந்தால், பாட்டுக்கு இடையில் வாசிக்காமல் நிற்கிற நேரமெல்லாம் இரைச்சல்தான் கேட்கும். இதைத் தீர்க்கத்தான் லெஸ் போலைச் செய்கிற கிப்சன் கம்பெனியில் செத் லவர் என்பவர் 1955இல் ஹம்பக்கர் பிக்கப்புக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு கொயில், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியது, காந்தமும் எதிர்த் துருவம். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அழிந்துபோகும், தந்தியின் சத்தம் மட்டும் கூடும். 1957 முதல் லெஸ் போலில் அதுதான். எபிஃபோன் ஸ்டாண்டர்ட் 50ஸில் இருக்கிற புரோபக்கர் அந்தப் பழைய பிக்கப்பைப் பார்த்துச் செய்தது. 2020இல் எபிஃபோன் இந்த வரிசையைப் புதுப்பித்தபோது உள்ளே வொல்யூம், டோன் மாற்றுகிற பொட்களும் நல்லதாகப் போட்டார்கள், அதற்கு முன் வந்த எபிஃபோனை வைத்து இதை எடைபோட வேண்டாம்.

தம்பி அகூஸ்டிக்கிலிருந்து வருகிறார் என்பதையும் பாருங்கள். லெஸ் போலின் தந்தி நீளம் 628 மில்லிமீட்டர், ஃபெண்டரில் 648. அதே தந்தியை அதே சுருதியில் வைத்தாலும் லெஸ் போலில் இழுவை குறைவு, விரலுக்கு மெதுவாக இருக்கும். பூசையில் ஓர்கனோடு சேர்ந்து மெதுவான பாட்டுகள் வாசிக்கும்போது கழுத்துக்குப் பக்கத்தில் உள்ள நெக் பிக்கப்பின் டோனைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வருகிற அந்தத் தடித்த சத்தம் டெலியில் வராது. நானும் தேவையில்லாமல் சொல்லவில்லை, இரண்டையும் வைத்து வாசிக்கிற ஆள்.

குறையையும் சொல்ல வேண்டும். பாரம், நாலு கிலோவுக்குப் பக்கம் வரும், நின்றபடி மூன்று மணி நேரம் வாசித்தால் தோள் சொல்லும். அதைவிடப் பெரியது தலை. கழுத்தும் தலையும் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அந்தச் சந்தில் ட்ரஸ் ரொட்டுக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள், விழுந்தால் முறிவது அங்கேதான். பஸ்ஸில் மெல்லிய பையில் போட்டு மேல் தட்டில் வைத்துக் கொண்டுபோகிற ஆள் என்றால் நானே இதை வேண்டாம் என்பேன். ஹார்ட் கேஸ் வாங்கக் காசு ஒதுக்க முடியும் என்றால் எடுங்கள்.

இன்னொன்று. லெஸ் போலில் பி-90 பிக்கப் போட்ட பொன்வர்ண மாதிரி ஒன்றும் பார்ப்பீர்கள், 1952இல் முதல் வந்தது அப்படித்தான். அழகான சத்தம், ஆனால் அதுவும் சிங்கிள் கொயில், அதுவும் இரையும். இரைச்சலுக்குப் பயந்து லெஸ் போலுக்கு வருகிறவர் அதை எடுத்துவிட வேண்டாம்.


திருக்கோவில்_கடலோரம்:

ஸ்ட்ராட்டுக்கு ஒருவரும் வரவில்லை, நான் வருகிறேன். சில வருடங்களாக என்னிடம் இருப்பது கிளாசிக் வைப் 60ஸ்தான்.

பட்டறை அண்ணா சொன்ன பிரிட்ஜ் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகு தெரியும். அவற்றை உள்ளே முடுக்கி, வேண்டுமானால் ஸ்பிரிங்கும் ஒன்றிரண்டு கூட்டி, பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரும்படி செய்துவிட்டால் தந்தி அறுந்தாலும் மற்றவை அசையாது. பிரிட்ஜில் பூட்டிய கம்பிக் கைப்பிடியைக் கீழே அழுத்திச் சுருதியை இறக்கும் வேலையும் அப்படியே இருக்கும். நிறையப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

டெலி ஒரு பலகைதான், விளிம்பு நேர் விளிம்பு. 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது நெஞ்சுப் பக்கமும் கை வைக்கிற பக்கமும் மரத்தைச் சீவி எடுத்தார்கள். என்னைப் போல சின்ன உடம்புக்காரருக்கு இது பெரிய வித்தியாசம், இருந்து வாசிக்கும்போது விலாவில் குத்தாது. தம்பி நின்று வாசிப்பவர் என்றாலும் வீட்டில் பழகுவது கட்டிலில் இருந்துதானே.

சத்தத்துக்கு வந்தால், மூன்று பிக்கப்புக்கு நடுவே உள்ள இரண்டு இடைநிலைகள். முதலில் வந்த ஸ்ட்ராட்களில் சுவிச்சுக்கு மூன்று நிலைதான் இருந்தது, வாசிக்கிறவர்கள் அதை இடையில் நிறுத்திப் பிடித்து அந்தச் சத்தத்தை எடுத்தார்கள், 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிச்சைப் போட்டது. சினிமாப் பாட்டில் பின்னால் சின்னச் சின்னதாகத் தந்தியைத் தட்டிப் போகிற வாசிப்புக்கு அந்த இடைநிலைகளைத்தான் நான் பாவிக்கிறேன். கடையில் ஒன்றைப் பாருங்கள்: ஆம்பைக் கூட்டி வைத்துவிட்டு சுவிச்சை இரண்டாம் நிலைக்கும் நாலாம் நிலைக்கும் மாற்றும்போது இரைச்சல் சட்டென்று குறைந்தால், நடு பிக்கப்பை எதிர்ச் சுற்றில் சுற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி என்றால் கல்முனை நானா சொல்கிற பிரச்சினை அந்த இரண்டு நிலையிலும் தீர்ந்தது. டெலியிலும் நடு நிலையில் இதே சோதனையைச் செய்யலாம்.

விரல் பலகை ரோஸ்வுட் இல்லை, லோரல் என்று பார்த்துவிட்டுத் தயங்க வேண்டாம். ரோஸ்வுட் மர வகைகளை 2017இல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் கம்பெனிகள் வேறு மரத்துக்குப் போனார்கள், 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் மலிவு வரிசைகளில் லோரலே தங்கிவிட்டது. கொஞ்சம் வரண்ட நிறம், அவ்வளவுதான். எலுமிச்சை எண்ணெய் என்று கிற்றாருக்கு விற்பதை இடைக்கிடை துளியாகத் தடவினால் கறுத்து வரும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், செய்யாதீர்கள், அது நாளாகச் சிக்குப் பிடிக்கும், மணக்கும். டெலியின் மேப்பிள் பலகை வார்னிஷ் பூசியது, அதற்கு எண்ணெயே தேவையில்லை, ஈரத் துணியால் துடைத்து உலர விட்டால் போதும்.


ஏறாவூர்_வயர்மேன்:

நான் வாசிக்கிறவன் இல்லை, கரண்ட் வேலை செய்கிறவன். மேடைக்கு வயர் இழுக்கிற வேலைக்கும் போவேன். இந்த இரைச்சல் கதையில் ஒன்று விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இரைச்சல் என்று சொல்வதில் ஒரு பகுதி பிக்கப்பினுடையது, ஒரு பகுதி எர்த் இல்லாததால் வருவது. தந்தியில் கையை வைத்ததும் இரைச்சல் குறைகிறது என்றால், வீட்டின் எர்த்தையும் கிற்றாரின் உள் வயரிங்கையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து மண்ணுக்குள் கிடக்கும், பிளக்கில் மூன்று ஊசி இருந்தாலும் பின்னால் ஒன்றும் இல்லை. எர்த் ஓட்டையில் குச்சியைக் குத்தி இரண்டு ஊசி பிளக்கை ஏற்றுகிற பழக்கமும் இருக்கிறது. ஆம்புக்கு அதைச் செய்யவே கூடாது.

ஏன் என்றால் கிற்றாரின் தந்தி ஆம்பின் எர்த்தோடு தொடுத்திருக்கிறது. ஆம்பில் கசிவு இருந்து எர்த் இல்லாமல் போனால் அந்தக் கரண்ட் தந்தியில் நிற்கும். கையில் தந்தி, உதட்டில் மைக், மைக் வேறு இடத்து எர்த்தில், அவ்வளவுதான். ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்கொட்லாந்து இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் மேடையில் மைக்கைத் தொட்டு இப்படித்தான் இறந்தார். மழை பெய்த மண்ணில் செருப்பில்லாமல் நிற்கிற மேடைகள் எங்களுடையவை.

ஆம்பையும் மைக் செட்டையும் ஒரே லைனில், எர்த் உள்ள பிளக்கில் குத்துங்கள். வீட்டில் ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். மேடையில் ஜெனரேட்டர்க்காரரிடம் எர்த் அடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குத்த வேண்டும், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கிற்றாரை எது வாங்கினாலும் சரி, இதற்கு முதல் காசை ஒதுக்குங்கள்.


கல்லடி_அகூஸ்டிக்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வயர்மேன் அண்ணா எழுதியதை வீட்டில் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன், இந்தக் கிழமையே எர்த் பார்க்கிறோம்.

நான் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போவேன், அதனால் லெஸ் போலை மனவருத்தத்தோடு விடுகிறேன். நானா கோபிக்க வேண்டாம், கடையில் அதன் நெக் பிக்கப் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. டெலியும் ஸ்ட்ராட்டும்தான் மிச்சம். கனடாவிலிருந்து எடுத்தால் கொஞ்சம் மலிவாக வரும் போலிருக்கிறது. ஆம்பையும் அங்கேயே எடுப்பதா? அண்ணா வருகிறபோது அங்கே குளிர் காலம், இங்கே மாரி, கிற்றாருக்கு ஏதும் ஆகுமா?


புளியந்தீவுப்_பட்டறை:

ஆம்பை அங்கே எடுக்க வேண்டாம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. நேரே குத்தினால் புகைதான் வரும். இரண்டுக்கும் மாறக்கூடிய ஆம்ப்கள் சில இருக்கின்றன, பின்பக்கம் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். ஆம்ப் பாரமும் கூட, பயணப்பொதியில் அதற்கு இடத்தை வீணாக்காமல் இங்கே வாங்குங்கள். பொஸ் கடானா மாதிரி ஒன்று பாவித்தது கிடைத்தாலும் போதும், அதிலிருந்து வயர் எடுத்துத் தேவாலயத்து மிக்சருக்கு நேரே கொடுக்கலாம், வீட்டில் ஹெட்ஃபோனும் குத்தலாம். கிற்றாரில் மிச்சம் பிடித்து ஆம்பில் போடுவது நல்லது. நல்ல ஆம்பில் சாதாரணக் கிற்றார் நன்றாகவே கேட்கும், மோசமான ஆம்பில் விண்டேராவும் பாட்டரி றேடியோ மாதிரித்தான் கேட்கும். கடன் பட்டு விண்டேரா எடுக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

கிற்றாரை அங்கே எடுப்பதில் டெலிக்கும் ஸ்ட்ராட்டுக்கும் ஒரு வசதி இருக்கிறது. கழுத்து நாலு திருகில்தான் நிற்கிறது. தந்தியைத் தளர்த்தி, திருகைக் கழற்றி, கழுத்தையும் உடம்பையும் வெவ்வேறாக உடுப்புக்குள் சுற்றிப் பெரிய சூட்கேஸில் குறுக்காக வைத்தால் அடங்கும், தனியாக ஒரு பொதிக்குக் காசு கட்டத் தேவையில்லை. லெஸ் போலில் கழுத்து ஒட்டியது, அது நடக்காது. ஆனால் உத்தரவாதம் அங்கேயே நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம், அதனால் அண்ணா கடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சுங்கத்தில் கேட்டால் காட்டப் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

குளிர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அங்கே மார்கழியில் வீட்டுக்குள் ஹீட்டர், காற்று வரண்டு போயிருக்கும், அந்த மரம் நேரே எங்கள் மாரிக்குள் இறங்குகிறது. வந்ததும் பூட்டி வாசிக்கத் துடிக்கும், அது தெரியும், ஆனால் சூட்கேஸிலிருந்து எடுத்துப் பையில் போட்டு இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் கழுத்தைப் பூட்டி, தந்தி போட்டு, சுருதி கூட்டி இன்னொரு நாள். அதன்பிறகுதான் ட்ரஸ் ரொட்டைத் தொட வேண்டும். முதலே தொட்டால் அடுத்த கிழமை திரும்பவும் தொட வேண்டி வரும். கழுத்துத் திருகைப் பூட்டும்போது முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள், பழைய புரியில் டக் என்று விழும், பிறகு முடுக்குங்கள், இல்லாவிட்டால் மரத்தில் புதுப் புரி வெட்டிவிடும்.

உப்புக் காற்றுக்கு, கோட்டிங் உள்ள தந்தி. விலை கூட, ஆனால் கடற்கரையில் சாதாரணத் தந்தி கறுத்துப்போகிற வேகத்துக்கு அதுதான் கடைசியில் மலிவு. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கமும் பிரிட்ஜும் துடையுங்கள். டெலியின் சேடிலில் உயரம் மாற்றுகிற குட்டித் திருகுகள் துருப்பிடித்தால் கழற்றவே முடியாது, மாதத்துக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் குச்சியால் தொட்டு வையுங்கள். புதிய கிற்றார்களோடு வருகிற சின்னச் சிலிக்கா பைகளை எறியாமல் பைக்குள் வையுங்கள்.

உள்ளே செப்பு டேப் ஒட்டினால் இரைச்சல் போகும் என்று சொல்வார்கள். டியூப் லைட்டும் ஃபோனும் தருகிற சிறுசிறு சத்தம் குறையும். ட்ரான்ஸ்ஃபோர்மர் தருகிற அடிச்சத்தம் அதனால் போகாது, அதற்கு ஆம்பிலிருந்து தள்ளி நின்று உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பதுதான் வழி, ஒரு கோணத்தில் நன்றாகக் குறையும்.


கல்முனை_ஹம்பக்கர்:

கோபமில்லை தம்பி, பஸ் என்றதும் எனக்கே விளங்கிவிட்டது. டெலியா ஸ்ட்ராட்டா என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். கொழும்புக்கு இன்னொரு தடவை போக முடிந்தால் ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இரண்டையும் மாறி மாறி வாசிக்கட்டும், நீங்கள் முதுகைக் காட்டி நின்று கேளுங்கள், வர்ணமும் வடிவமும் கண்ணில் படாமல். அப்புறம் நீங்கள் ஆம்பே இல்லாமல் இரண்டையும் வாசித்துப் பாருங்கள், கழுத்து கையில் எப்படி நிற்கிறது என்று மட்டும்.

இன்னொன்று, டெலி எடுத்தால் பூசைக்கு நெக் பிக்கப்பும் டோன் பாதியும். உங்கள் காதில் நிற்கிற அந்தச் சத்தத்துக்குக் கிட்ட வரும். முழுக்க வராது, ஆனால் பாடகர் குழுவோடு அது போதும்.


திருக்கோவில்_கடலோரம்:

கடையில் பார்க்க இன்னும் இரண்டு. கழுத்தின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள், ஃப்ரெட்டின் முனைகள் கீறக் கூடாது. அங்கே குளிர் காலத்தில் மரம் சுருங்கிச் சில கிற்றார்களில் முனை வெளியே வந்திருக்கும், இங்கே வந்ததும் பெரும்பாலும் அடங்கும், ஆனால் அதிகம் கீறினால் வேறொன்றைக் கேளுங்கள். மற்றது, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து எங்காவது சத்தம் செத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரை வாசிக்கச் சொல்லி வீடியோக் கோலில் நீங்கள் கேளுங்கள்.


கல்லடி_அகூஸ்டிக்:

கொழும்புக்கு நேற்றுப் போய்வந்தேன், நானா சொன்ன மாதிரி முதுகு காட்டி நின்றே கேட்டேன். பைலா தாளத்தில் வாசிக்கச் சொன்னபோது இரண்டு தடவையும் நான் கை காட்டியது டெலிக்கு. ஸ்ட்ராட்டின் இடைநிலைச் சத்தம் அக்கா சொன்னது போல அழகுதான், அது எனக்கு அடுத்த கிற்றார்.

அண்ணாவிடம் டெலிக்குச் சொல்லிவிட்டேன், வீடியோக் கோலில் பார்த்துத்தான் எடுப்போம். ஆம்ப் இங்கே பாவித்தது ஒன்று தேடுகிறேன், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் யாராவது விற்பதாக இருந்தால் இதிலேயே எழுதுங்கள். பட்டறை அண்ணா, கழுத்துப் பூட்டுகிற அன்றைக்குக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரலாமா?


புளியந்தீவுப்_பட்டறை:

தாராளமாக வாங்க. பூட்டுவது நீங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். ஃபீலர் கேஜ் மட்டும் வாங்கி வாருங்கள், என்னுடையது தேய்ந்துவிட்டது.